குக்கரின் உடலும் கைப்பிடியும்: உலோகமும் பாலிமரும் வேலை செய்யும் விதம்

பொறியியலில் ஒரு பொருளின் தரத்தை அது செய்யவேண்டிய வேலைதான் தீர்மானிக்கிறது. ஓரிடத்தில் நிறைவாக இருப்பதே இன்னோரிடத்தில் குறையாகிவிடும். பிரஷர் குக்கரில் இதைத் தெளிவாகக் காணலாம். அதன் உடல் அலுமினியம், கைப்பிடி பேக்லைட், மூடியின் விளிம்பில் ரப்பர் கேஸ்கட். உள்ளே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் இரு மடங்காகும்போது தண்ணீர் சுமார் 120 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. இந்தச் சூட்டில் மூன்று பொருள்களும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன.

வேறுபாடு அணுக்களின் அமைப்பிலேயே தொடங்குகிறது. உலோகத்தில் அணுக்கள் ஒழுங்கான அடுக்குகளாக நெருங்கி நிற்கின்றன. எலக்ட்ரான்கள் அவற்றுக்கிடையே தடையின்றி உலவுகின்றன. மின்சாரமும் வெப்பமும் எளிதில் பாய்வதற்கு இந்த எலக்ட்ரான்களே காரணம். பிணைப்பு அறாமல் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவ முடிவதால்தான் உலோகத்தைத் தகடாக அடிக்கவும் கம்பியாக இழுக்கவும் முடிகிறது. பாலிமர் என்பது, பெரும்பாலும் கார்பனை முதுகெலும்பாகக் கொண்ட நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் தொகுப்பு. சங்கிலிக்குள் பிணைப்பு வலுவானது. பல பாலிமர்களில் சங்கிலிகளுக்கு இடையிலான ஈர்ப்பு பலவீனமானது.

இதன் விளைவு எண்களில் தெரிகிறது. சுமையேற்றும்போது வளைந்துகொடுக்காத தன்மை விறைப்பு எனப்படும். அதை அளக்கும் மீள்மைக் குணகம் எஃகுக்குச் சுமார் 200 ஜிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70, அடர் பாலிஎத்திலீனுக்கு ஏறத்தாழ 1. எடையில் நிலைமை தலைகீழ். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.8 கிராம், அலுமினியம் 2.7 கிராம், பாலிஎத்திலீன் ஒரு கிராமுக்கும் குறைவு என்பதால் தண்ணீரில் மிதக்கும்.

வெப்பக் கடத்தலில் இடைவெளி இன்னும் பெரியது. எவர்சில்வரைவிட அலுமினியம் ஏறத்தாழ பதினைந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. அதனால்தான் எவர்சில்வர் குக்கர்கள் பலவற்றின் அடியில் அலுமினியத் தகடு பதிக்கப்படுகிறது. பேக்லைட்டின் கடத்துதிறனோ அலுமினியத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. அடுப்பிலிருந்து இறக்கும்போது கை சுடாமலிருக்க அது உதவுகிறது.

பாலிமர்கள் எல்லாம் ஒரே வகையல்ல. பாலிஎத்திலீன், பிவிசி போன்றவை சூட்டில் இளகி, ஆறியதும் இறுகும்; அவற்றை மீண்டும் உருக்கி வார்க்கலாம். லியோ பேக்லண்ட் 1907இல் உருவாக்கிய பேக்லைட்டில் சங்கிலிகள் குறுக்குப் பிணைப்புகளால் ஒரே வலையாக இறுகியிருப்பதால் அது உருகாது. மிதமிஞ்சிச் சூடேறினால் கருகும். ரப்பரில் அந்தப் பிணைப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே இருக்கின்றன. அதனால் இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இப்பிணைப்புகளை உண்டாக்கும் முறையை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார்.

காலப்போக்கில் நேரும் சிதைவும் வேறுபடுகிறது. இரும்பின் துரு செதில்செதிலாக உதிர்ந்து உள்ளிருக்கும் உலோகத்தையும் அரிக்கவிடுகிறது. அலுமினியத்தின் மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலமோ ஒட்டி நின்று அதைக் காக்கிறது. பாலிமர் துருப்பிடிக்காது. ஆனால் ஒரே சுமையை நெடுநாள் தாங்கினால் சாதாரண வெப்பநிலையிலேயே மெல்ல நீளும். துணி காயப்போடும் நைலான் கொடி நாளடைவில் தொய்வது இதனால்தான். வெயிலின் புறஊதாக் கதிர் சங்கிலிகளை அறுத்து பிளாஸ்டிக்கை நொறுங்கவைக்கும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளில் சேர்க்கப்படும் கார்பன் கறுப்பு அந்தக் கதிரை உள்வாங்கித் தடுக்கிறது. குக்கர் கேஸ்கட் தொடர்ந்து சூடும் நசுங்கலும் படுவதால் மீள்மையை இழந்து இறுகுகிறது. நீராவி விளிம்பில் கசிந்து விசில் வராமல் போனால், கேஸ்கட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

குறையெனத் தோன்றும் பண்பும் சில இடங்களில் உயிர் காக்கும். மூடியிலுள்ள சேஃப்டி வால்வில் குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகக்கலவை அடைக்கப்பட்டிருக்கும். தண்ணீர் வற்றியோ ஆவி வழி அடைபட்டோ சூடு அளவுமீறினால் அது உருகி, நீராவி வெளியேற வழிவிடுகிறது. குக்கர் உடலில் இருக்கவே கூடாத இந்தப் பலவீனத்துக்காகவே அந்தக் கலவை தேர்ந்தெடுக்கப்படுகிறது.