வீட்டு மோடத்தில் வைபை ரூட்டர்: பாஸ்வேர்டு போடாவிட்டால் போலீஸ் கதவைத் தட்டும்!

வீட்டில் பிராட்பேண்ட் மோடம் இருந்தாலே போதும். தனியாக ஒரு ரூட்டர் வாங்கி, நீங்களே வைபை போட்டுக்கலாம்.

மோடத்தின் 'லேன்' துளையில் இருந்து வரும் வயரை, ரூட்டரில் தனி நிறத்தில் இருக்கும் 'வேன்' துளையில் சொருகணும். முதலில் மோடத்தை ஆன் செய்து, 2 நிமிடம் கழித்து ரூட்டரை ஆன் செய்யவும்.

இரண்டுக்கும் 192.168.1.1 என ஒரே முகவரி இருந்தால் நெட் வராது. ரூட்டருக்கு 192.168.2.1 என மாற்றினால் சரியாகிடும்.

கடைசியாக பாஸ்வேர்டு. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 2008 ஜூலை மாதம் ஆமதாபாத் குண்டுவெடிப்பு மிரட்டல் இ-மெயில், நவிமும்பையில் ஒரு அமெரிக்கர் வீட்டு வைபை வழியாகத்தான் போனது. போலீஸ் விசாரணையில் மாட்டியது அவர்தான்.

எனவே 'டபிள்யூ.பி.ஏ.2' பூட்டுடன் வைபை பாஸ்வேர்டு போடுங்க. ரூட்டருடன் வந்த 'அட்மின்' பாஸ்வேர்டையும் மறக்காம மாத்திடுங்க.