வீழ்ச்சியைத் தாங்கும் கச்சை

உயரமான கட்டடங்களிலும் மின்கோபுரங்களிலும் உழைப்போர் உடலில் பூட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கச்சையையும், அதனை உறுதியான ஓரிடத்தோடு பிணைக்கும் லேன்யார்டு என்னும் கயிற்றையும் காண்போர், அறுந்துபோகாத வலிமையே அவற்றின் முழு லட்சணம் என்று கருதுவது இயல்பேயாயினும், விழுகிற மனிதனுடைய பிராணனைக் காப்பதில் கயிற்றின் பலத்துக்குள்ள பங்கைக் காட்டிலும், அவன் எவ்வளவு தூரத்தில் நிறுத்தப்படுகிறான் என்பதற்குள்ள பங்கு பெரிது.

100 கிலோ எடையுள்ள ஒருவர் 1.8 மீட்டர் தடையின்றி விழுவதாகக் கொள்வோம். ஒரு விநாடிகூட நீடிக்காத அந்த வீழ்ச்சியின் முடிவில் அவருடைய வேகம் மணிக்கு 21 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். அவ்வேகத்தை, நீண்டுகொடுக்காத கயிறு பத்தே சென்டிமீட்டரில் அடக்குமாயின், அவர் உடலைத் தாக்கும் சராசரி விசை 1,900 கிலோ பாரத்துக்கு ஒப்பாகும். கயிறு அறாமல் நின்றாலும் உடல் அதைத் தாங்காது. அதே வீழ்ச்சியை ஒரு மீட்டர் தூரத்தில் படிப்படியாக நிறுத்தினாலோ, அவ்விசை 280 கிலோவாகச் சுருங்கிவிடுகிறது.

இந்தக் கணக்கை அனுசரித்தே லேன்யார்டில் அதிர்ச்சி தாங்கி ஒன்றைச் சேர்க்கிறார்கள். பலமுறை மடித்துத் தைத்த நாடா அதனுள் இருக்கிறது. வீழ்ச்சியின் இழுப்பில் தையல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து, நாடா நீண்டு, அந்தச் சக்தியை விழுங்கிவிடுகின்றன.

எஞ்சிய விசையைத் தாங்கும் பொறுப்பு கச்சையினுடையது. இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட், முழு அதிர்ச்சியையும் மிருதுவான வயிற்றின்மீது சுமத்துவதால், அமெரிக்கக் கட்டுமானத் துறையில் வீழ்ச்சியைத் தடுக்க அதனைப் பயன்படுத்துவது 1998 ஜனவரி 1 முதல் விலக்கப்பட்டது. முழு உடற்கச்சையோ தொடை, இடுப்பெலும்பு, மார்பு, தோள் ஆகியவற்றில் விசையைப் பகிர்ந்தளிக்கிறது. அப்போதும் உடல்மீது படும் விசை 1,800 பவுண்டை மிஞ்சலாகாது என்றும், கொக்கி மாட்டுமிடம் ஆளொருவருக்கு 5,000 பவுண்டு தாங்கவேண்டும் என்றும் அந்நாட்டு விதிகள் கூறுகின்றன.

ஆகவே, உயரத்தில் பணிபுரிவோரும் அவர்களை ஏவுவோரும் சில நியமங்களை வழுவாது காத்தல் அவசியம். கொக்கியைக் காலடியில் மாட்டாமல் தலைக்குமேல் மாட்டுக. கயிறும் பிரிந்த நாடாவும் நீள்வதற்குக் கீழே போதிய வெற்றிடம் உண்டா என்று முன்கூட்டியே அளந்து பார்க்க. ஒருமுறை வீழ்ச்சியைத் தாங்கிய சாதனத்தை, பார்வைக்குப் பழுதற்றதாயினும், மீண்டும் அணியாது விலக்குக. தொங்குபவருடைய கால்களில் ரத்தம் தேங்குமாதலால், அவரைத் தாமதமின்றி இறக்குவதற்கு வேண்டிய ஏற்பாட்டை வேலை தொடங்குமுன்பே செய்துவைக்க.