பழைய உறுப்பும் புதிய அமைப்பும்: கணினிவழி வடிவமைப்பிற் சேமிக்கப்பட்ட உழைப்பு

புதியதொரு பொறி தோன்றும்போது அதனைத் தனிமனிதர் ஒருவரின் கற்பனையிற் பிறந்த முழுமையாகக் கருதும் போக்கு எம்மிடையே இன்றும் நிலவுகின்றது. இலக்கியப் படைப்பை மேதையின் தனிச்சொத்தாகக் கொள்ளும் கருத்துமுதல்வாத நோக்கின் மறுமுகமே இது. உண்மையில், புதிய பொறியொன்றின் உறுப்புகளிற் பல முன்னரே யாரோ வரைந்து, கணித்து, வார்த்துச் சோதித்தவை. கணினிவழி வடிவமைப்பு மென்பொருள்கள் இவ்வுண்மையைத் தெளிவாகப் புலப்படுத்துகின்றன. பழைய உறுப்பு புதிய அமைப்பினுள் எவ்வாறு புகுகின்றது, அதற்கு எவை தேவை, அவ்வுறுப்பு எவருக்குரியது ஆகிய மூன்று வினாக்களை இங்கு ஆராய்வோம்.

இம்முறையின் வேர்கள் கணினிக்கு முற்பட்டவை. 1785 இல் பிரான்சில் ஒனொரே பிளாங் என்னும் துப்பாக்கி வினைஞர், 50 துப்பாக்கி விசைகளுக்குரிய உறுப்புகளைப் பிரித்து வைத்திருந்தார். அவற்றைப் பார்வையிட்ட தோமஸ் ஜெபர்சன், கைக்கு அகப்பட்டவற்றை எடுத்துத் தாமே பொருத்த, அவை பிசகின்றி இணைந்தன. 1841 இல் ஜோசப் விற்வேத் பிரித்தானியாவில் திருகாணிப் புரிகளுக்குப் பொது அளவை முன்மொழிந்தார். ஓர் உறுப்பு ஒரு பொறியிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர வேண்டுமாயின், அதன் அளவு ஒரு பட்டறையின் வழக்கமாக இராது சமூகத்தின் பொது வழக்கமாதல் வேண்டும். இதுவே அந்நிகழ்ச்சிகள் உணர்த்தும் பாடம்.

இக்கருத்தைக் கணினித் திரைக்குக் கொணர்ந்தவர் ஐவன் சதலன்ட். 1963 இல் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் அவர் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வின் விளைவான ஸ்கெச்பாட், மூல வரைபு ஒன்றையும் அதன் பல தோற்றங்களையும் வேறுபடுத்தியது. மூலத்தைத் திருத்தினால் தோற்றங்கள் யாவும் திருந்தும். அறுகோணங்களால் நிறைந்த கோலமொன்றில் மூல அறுகோணத்தை அரைவட்டமாக மாற்றியதும், கோலம் முழுவதும் மீன்செதில் வடிவாயிற்று.

இன்றைய மென்பொருள்களின் அடிப்படையும் இதுவே. உறுப்பு ஒரு கோப்பு; அமைப்பு இன்னொரு கோப்பு. பொதுவாக அமைப்புக் கோப்பு உறுப்பின் பிரதியைத் தன்னுள் வைத்திருப்பதில்லை. உறுப்பு எங்குள்ளது, எந்நிலையில் அமர்கின்றது என்னும் குறிப்பையே வைத்திருக்கின்றது. உறுப்புக் கோப்பின் பெயரையோ இருப்பிடத்தையோ கவனமின்றி மாற்றினால் அமைப்பு அதனைக் கண்டுகொள்ளாது போவது இதனாலேயே. அமரும் நிலையைத் தீர்மானிப்பவை கட்டுப்பாடுகள். தனித்து நிற்கும் திண்பொருளுக்கு ஆறு இயக்கச் சுதந்திரங்கள் உண்டு: மூன்று திசைகளில் நகர்தல், மூன்று அச்சுகளிற் சுழல்தல். திருகாணியின் அச்சைத் துளையின் அச்சோடு ஒன்றாக்கினால் நான்கு நீங்குகின்றன. ஆணித் தலையின் அடிமுகத்தைத் தகட்டின் முகத்தோடு சேர்த்தால் ஐந்தாவதும் நீங்கி, தன்னச்சிற் சுழலும் சுதந்திரம் ஒன்றே எஞ்சுகின்றது.

வசதி எங்குள்ளதோ அங்கேயே ஆபத்தும் உள்ளது. 6204 என்னும் நியம எண்ணுடைய பெயாரிங்கின் உள்விட்டம் 20 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 47 மில்லிமீற்றர். 6205 இன் அளவுகள் முறையே 25, 52. நீர்ப்பம்பி ஒன்றின் 6204 பெயாரிங்குக்கென வரையப்பட்ட கூட்டினை அரைக்கும் பொறியொன்றிற் பயன்படுத்த விரும்பும் ஒருவர், தமது தண்டு பெரிதெனக் கண்டு, அதே கோப்பில் துளையை 52 ஆக்கிவிடுகின்றார் எனக் கொள்வோம். பம்பியின் கூடும் அக்கணமே மாறிவிடுகின்றது. தவறு திரையிலன்றிப் பட்டறையிலேயே வெளிப்படும்: உலோகம் வீணாகும், பழி பெரும்பாலும் கடைசல் வினைஞர் மீதே விழும். ஆதலால், மாறிய உறுப்பு பழையதன் இடத்தில் அப்படியே அமருமாயின் பழைய எண்ணே போதும், அமராதெனின் தனிக் கோப்பும் தனி எண்ணும் வேண்டும் என்னும் விதி கைக்கொள்ளப்படுகின்றது. ஓர் அமைப்பிலுள்ள அயல் உறுப்பிலிருந்து தன் அளவைக் கடன்வாங்கிய உறுப்பு, அவ்வுறவு துண்டிக்கப்பட்டாலன்றி வேறோர் அமைப்பிற் செம்மையாக நில்லாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

வாய்மொழிக் கவிதை ஆய்வை அறிந்தோர்க்கு இது முற்றிலும் அந்நியமன்று. மில்மன் பரியும் அல்பேட் லோட்டும் விளக்கிய வாய்பாட்டுக் கோட்பாட்டை, க. கைலாசபதி 1968 இல் வெளியான தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய தமது ஆங்கில நூலிற் பழந்தமிழ்ச் செய்யுட்களுக்குப் பிரயோகித்தார். பாடகர் ஆயத்தமாகவுள்ள தொடர்களை எடுத்துப் புதிய பாடலை அமைக்கின்றார். யாப்பு என்னும் பொது அளவு அதனைச் சாத்தியமாக்குகின்றது. ஆயின் ஒப்புமை ஓரிடத்தில் முறிகின்றது. வாய்பாடு பாடகர் மரபின் பொதுச்சொத்து. உறுப்புக் கோப்போ பெரும்பாலும் கம்பனியின் தனியுடைமை.

பொறியில் உறைந்திருப்பது கடந்தகால உழைப்பே என மார்க்ஸ் காட்டினார். உறுப்புக் கோப்பிற்கும் இது பொருந்தும். அதனை வரைந்தவர் வேலையிலிருந்து நீக்கப்பட்ட பின்னரும் அவரது உழைப்பு நூறு அமைப்புகளில் இயங்குகின்றது. மறுபுறம், சந்தா முறையில் விற்கப்படும் மென்பொருள்கள் பலவற்றில், சந்தா முடிவுற்றதும் சிறு பட்டறை தான் வரைந்த கோப்பையே திருத்த இயலாது நிற்கின்றது. 1994 இல் முதலில் வெளியிடப்பட்ட ஐ.எஸ்.ஓ. 10303 என்னும் ஸ்ரெப் நியமம் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு வடிவத்தைக் கடத்துகின்றது. ஆயின் வழமையாக அவ்வடிவம் படிப்படியாக உருவாகிய வரலாறு கடத்தப்படுவதில்லை. வரலாறு இழந்த வடிவத்தைப் பார்க்கலாம், அளக்கலாம். வேண்டியவாறு மாற்றியமைப்பது கடினம்.

2002 இலிருந்து கூட்டுழைப்பால் வளர்ந்துவரும் பிறீகாட் என்னும் கட்டற்ற மென்பொருள், 2024 நவம்பரில் வெளியான 1.0 பதிப்பில் உறுப்புகளை இணைக்கும் பகுதியைத் தன்னுள்ளேயே பெற்றுக்கொண்டது. கருவி பொதுவாதல் முதற்படி மாத்திரமே. எமது பொறியியற் பீடங்களில் ஆண்டுதோறும் மாணவர் வரையும் தாங்கிகள், பற்சில்லுகள், பம்பிக் கூடுகள் முதலியன, திருத்தத்தக்க வடிவிலும் அளவுகள், மாற்றங்கள், வரைந்தோர் பெயர்கள் பற்றிய பதிவுகளுடனும் பொதுக் களஞ்சியமொன்றிற் சேர்க்கப்படல் வேண்டும். சேர்க்கப்படாதவிடத்து, அடுத்து வரும் மாணவர் அதே கூட்டினை மீண்டும் முதலிலிருந்து வரைவர். அல்லது பிறர் விதிக்கும் விலைக்கு அதனை வாங்குவர்.