ஓய்வின் விலையைச் செலுத்துவது யார்?



திருத்தூதர்கள் தங்கள் பணியை முடித்துக்கொண்டு ஆண்டவரிடம் திரும்பி வந்த வேளையைப் புனித மாற்கு தம் நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் விவரிக்கின்றார். மக்கள் வருவதும் போவதுமாக இருந்தமையால் அவர்களுக்கு உண்பதற்கும் நேரம் கிடைக்கவில்லை. அவர்களது களைப்பைக் கண்ட இயேசு, தனிமையான ஓரிடத்திற்குச் சென்று சிறிது இளைப்பாறுமாறு அவர்களை அழைத்தார். செய்யவேண்டிய பணி இன்னும் ஏராளமாக இருந்தது என்பதை அவர் அறிவார். அறிந்தே அழைத்தார்.

ஆகஸ்ட் விடுமுறை அண்மிக்கும் போதெல்லாம் இப்பகுதி என் நினைவுக்கு வருகின்றது. கூடவே, பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் செய்த ஒரு தவறும் நினைவுக்கு வருகின்றது.

அப்போது நான் மலையகத்தில் ஒரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் என்னிடம் வந்து, "சாமி, கடல் தண்ணி நெசமாவே உப்பா இருக்குமா?" என்று கேட்டான். நான் சிரித்துக்கொண்டே ஆமென்றேன். சுற்றிலும் கடல் சூழ்ந்த ஒரு தீவில் பிறந்து ஒன்பது ஆண்டுகளாகியும் அப்பிள்ளை கடலைக் கண்டதில்லை என்பது அப்போது என் மனத்தில் தைக்கவில்லை. அடுத்த மாதம் என் மறையுரையில், வருமானத்திற்கு மிஞ்சிய உல்லாசப் பயணங்கள் வேண்டாமென்று எச்சரித்தேன். வருமானத்திற்குள் எவ்வாறு பயணம் போகலாம் என்று ஒரு வார்த்தையேனும் கூறவில்லை.

அச்சிறுவனின் தந்தை வட்டிக்குப் பணம் வாங்கினார். தாயின் தோடுகள் அடகுக் கடைக்குச் சென்றன. ஆகஸ்ட் மாதத்தில், உறவினரோடு பதினொரு பேராக வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி மேற்குக் கரையோர ஊரொன்றுக்குப் போய்வந்தார்கள். கடல் கொந்தளிப்பாக இருந்தமையால் பிள்ளைகளை நீரில் இறங்க விடவில்லை. மூன்று மாதங்களின் பின் வட்டி கட்ட இயலாமல் தவித்த நிலையில் அத்தாய் என்னிடம் வந்தார். பயணம் எப்படி இருந்ததென்று நான் கேட்டேன். "பதினோரு பேருக்கும் மூணு நாளா நான்தான் பொங்கிப் போட்டேன் சாமி. கடலக் கண்ணால பாத்தேன், கால நனைக்கல," என்றார். அவர் அதனைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு செய்தியைச் சொல்வதுபோலவே சொன்னார். அதுவே என்னை வருத்தியது.

ஓய்வுக்கும் ஒரு விலை உண்டு, வாசகர்களே. அந்த விலையை யார் செலுத்துகின்றார் என்பதே கேள்வி. அக்குடும்பத்தில் அதன் ஒரு பங்கை வரவிருந்த மாதங்கள் கடனாகச் செலுத்தின. மறு பங்கை ஒரே ஒரு பெண் தன் உழைப்பால் செலுத்தினாள்.

ஓய்வுநாள் கட்டளை இணைச்சட்ட நூலின் 5ஆம் அதிகாரத்தில் மிக விரிவாகத் தரப்பட்டுள்ளது. நீயும் உன் மகனும் மகளும், உன் வேலைக்காரரும், உன் மாடும் கழுதையும், உன்னோடு தங்கியுள்ள அந்நியரும் ஓய்ந்திருக்கவேண்டும் என்று ஆண்டவர் பணிக்கின்றார். எகிப்தில் அடிமையாய் இருந்ததை நினைத்துக்கொள் என்பதே அதற்கு அவர் காட்டும் காரணம். ஓய்வு மறுக்கப்பட்ட மக்களுக்கே ஓய்வு கட்டளையாக வழங்கப்பட்டது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்துவரும் மக்களுக்கு இதன் பொருளை நான் விளக்கவேண்டியதில்லை. ஏழைக்கு எதற்கு விடுமுறை என்று கேட்பவர் இக்கட்டளையை மீண்டும் ஒருமுறை வாசிக்கவேண்டும். 1965ஆம் ஆண்டு வெளிவந்த திருச்சங்க ஏடான 'இன்றைய உலகில் திருச்சபை'யும், குடும்ப வாழ்வுக்கும் சமய வாழ்வுக்கும் போதிய ஓய்வு உழைப்பவர் அனைவருக்கும் வேண்டுமெனக் கற்பிக்கின்றது.

மாட்டையும் கழுதையையும் கூடக் குறிப்பிடும் அப்பட்டியலில் மனைவி தனியாகக் குறிப்பிடப்படவில்லை. 'நீ' என்ற சொல்லில் அவளும் அடங்குகின்றாள் என்று விளக்கவுரையாளர் பலர் கூறுவர். ஆனால் நம் இல்லங்களிலோ அவள் உண்மையாகவே விடுபட்டுப் போகின்றாள். அடுப்பை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எடுத்துச் செல்வது அவளுக்கு விடுமுறை ஆகாது.

அவ்வாறாயின் சிறு வருமானமுள்ள ஒரு குடும்பம் என்ன செய்யலாம்? கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் கூறியது (லூக்கா 14:28) சீடத்துவத்தைப் பற்றியதாயினும், நம் சின்னஞ்சிறு பயணங்களுக்கும் அது நல்ல அறிவுரையே.

முதலில் காலத்தையும் கரையையும் கணக்கிடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றினால் மேற்கு, தெற்குக் கடல்கள் கொந்தளிக்கும். அதே மாதங்களில் திருகோணமலை, பாசிக்குடா போன்ற கிழக்குக் கரைகள் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை நிலைமை நேர்மாறாகும். ஆகவே ஆகஸ்ட் விடுமுறையில் கடலாட விரும்புவோர் கிழக்கு நோக்கிச் செல்வதே நன்று. கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலை ஏறத்தாழ 180 கிலோமீற்றர் தூரமே. வான் வேண்டியதில்லை, அதிகாலையில் பஸ் ஏறலாம்.

அடுத்தது பணம். கடன் வாங்காமல் சேமித்துச் செல்லுங்கள். வாரம் 500 ரூபா வீதம் 48 வாரங்கள் உண்டியலில் இட்டால் 24,000 ரூபா சேரும். செப்டெம்பரில் தொடங்கினால் அடுத்த ஆகஸ்டில் கையில் இருக்கும். ஐவர் கொண்ட குடும்பமாயின் போக்குவரத்துக்கு 10,000, உணவுக்கு 8,000, தங்குமிடத்திற்கு 3,000, நோய் போன்ற எதிர்பாராத தேவைகளுக்கு 3,000 எனப் பங்கிடலாம். இஃது ஓர் உதாரணமே. உங்கள் ஊரிலிருந்து பஸ் கட்டணம் எவ்வளவு என்று முதலில் விசாரித்து, நாள்களை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வாரம் 500 ரூபாவும் பெருந்தொகையாகிவிட்ட இல்லங்கள் பல உண்டு என்பதை அறிவேன். அவர்கள் ஈராண்டுகளுக்கு ஒருமுறை சென்றாலும் போதும்.

தங்குவதற்கு உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். பங்கு மண்டபங்களும் துறவற இல்லங்களும் சில வேளைகளில் இடம் தரக்கூடும். முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டு, உறுதியான பின்னரே புறப்படுங்கள். விட்டுவரும்போது அவ்விடத்தைக் கூட்டித் துப்புரவாக்கி, இயன்ற காணிக்கையை அளித்து வாருங்கள்.

உணவு பற்றியே நான் சற்று அழுத்திக் கூறுவேன். பானை சட்டிகளை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். காலையில் அயலிலுள்ள ஏதேனும் ஒரு வீட்டில் இடியப்பம் அவித்து விற்கும் பெண்ணிடம் வாங்குங்கள். அவள் குடும்பத்திற்கும் அது வருமானம். மதியத்திற்குச் சோற்றுப் பார்சல். மாலைத் தேநீரைத் தந்தை ஊற்றட்டும். கோப்பைகளை மகன் கழுவட்டும். உணவுக்குச் சிறிது கூடுதலாகச் செலவாகுமாயின், ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் இளைப்பாறும் இரண்டு நாள்கள், ஒருத்தி மட்டும் உழைக்கும் மூன்று நாள்களிலும் மேலானவை.

குளிர்நாட்டிலிருந்து செல்பவர்கள் கிழக்கின் கச்சான் காற்றையும் வெயிலையும் எளிதாக எண்ணிவிடக்கூடாது. காலையிலும் மாலையிலும் கடற்கரைக்குச் செல்லுங்கள்; நண்பகலில் நிழலில் இருந்து நிறைய நீர் அருந்துங்கள். எங்கே இறங்கலாம், எங்கே ஆழம் என்பதை அவ்வூர் மீனவரிடம் கேட்டறிந்த பின்னரே பிள்ளைகளை நீரில் விடுங்கள். பிரெட்றிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் உலாவுவதைக் காட்டுங்கள். நம் இந்துச் சகோதரர் தம் மூதாதையரை நினைத்துச் சடங்கு செய்யும் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் மரியாதையோடு பார்த்து வாருங்கள். ஞாயிறாயின் அவ்வூர் மக்களோடு திருப்பலியில் பங்குபெறுங்கள். இவற்றுக்கெல்லாம் பெரிய செலவு இல்லை.

நான் கூறிய அக்குடும்பத்தினர் கடனை அடைத்துத் தோடுகளை மீட்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அதன் பின்னர் ஒருநாள் தந்தையும் தாயும் அப்பியாசக் கொப்பி ஒன்றுடன் என் அறைக்கு வந்தார்கள். மூவருமாக அமர்ந்து கணக்கெழுதினோம். திருகோணமலையிலிருந்த குருவானவர் ஒருவருக்கு நான் கடிதம் எழுதினேன். அடுத்த ஆகஸ்டில் அவர்கள் பஸ்ஸில் சென்று இரண்டு இரவுகள் தங்கித் திரும்பினார்கள்.

திரும்பி வந்ததும் சிறுவன் ஓடிவந்து, கடல்நீர் உப்பையும் விடக் கசப்பு என்று எனக்கே கற்பித்தான். பின்னால் வந்த தாய் கூறியது ஒன்றே ஒன்று: "ரெண்டு நாளா யாருக்கும் நான் தேத்தண்ணி ஊத்தல சாமி. முழங்கால் அளவு தண்ணியில சும்மா நின்னேன்." அவ்வாறு சும்மா நின்ற நேரத்தில் அவர் செபித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இந்த வாரம் ஒரு மாலைப் பொழுதில், குடும்ப செபத்தின் பின்னர், பிள்ளைகளையும் அருகில் அமர்த்தி ஒரு கொப்பியைத் திறங்கள். எங்கே போவது என்று எழுதுவதற்கு முன்னர், இந்த வீட்டில் மிகவும் களைத்திருப்பவர் யார் என்று ஒருவரையொருவர் கேளுங்கள். அவருக்கு இளைப்பாறுதல் தரக்கூடிய பயணத்தையே திட்டமிடுங்கள். பணம் சேராத ஆண்டில், வீட்டிலேயே ஒரு நாள் அவரை அடுப்பங்கரைக்குள் போகவிடாமல் அமர்த்தி வையுங்கள். களைத்தவரை இளைப்பாற அழைத்த ஆண்டவர் உங்கள் இல்லத்தாரை ஆசீர்வதிப்பாராக.