கல்லும் சாந்தும்

சென்ற ஆண்டின் இரண்டாந் தவணையிலே, எமது வகுப்பு மாணவன் ஒருவன் எழுதும் வேளை தவிர ஏனைய வேளைகளிலெல்லாம் தன் இரு கைகளையும் மேசையின் கீழ் மறைத்துக்கொண்டே இருப்பதைக் கண்டோம். கெட்டிக்காரப் பிள்ளை. அவன் இருந்த வாங்கில் அவனுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. மற்றப் பிள்ளைகள் அடுத்த வாங்குகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தனர். பாடம் முடிந்தபின் அவனைத் தனியே அழைத்து விசாரித்தோம். நெடுநேரம் தயங்கியபின் கைகளை நீட்டினான். புறங்கைகளும் மணிக்கட்டுகளும் சிவந்து, தடித்து, கோடையில் வற்றிய குளத்தின் அடிமண் போல வெடித்துக் கிடந்தன.

“ஒட்டிவிடும் என்று பயப்படுகிறார்கள், சேர்” என்றான்.

அவனுக்கும் அதே பயந்தான். நாளொன்றுக்குப் பத்துத் தடவைக்கு மேலாகக் கிருமிநாசினிச் சவர்க்காரம் இட்டுக் கைகழுவி வந்தான். யாரோ கூறினார்கள் என்று வீட்டார் தேசிக்காய்ச் சாற்றையும் தேய்த்துவிட்டார்கள். கழுவக் கழுவக் கை வெடித்தது. வெடிக்க வெடிக்க அவன் மேலும் கழுவினான். அவனுடைய தகப்பனாரை அழைத்துப் பேசி, வைத்தியரிடம் காட்டுமாறு வேண்டினோம். இது கரப்பான் வகையைச் சேர்ந்தது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு ஒட்டுவதன்று. கழுவுவதைக் குறைத்துத் தோலின் மதிலைக் கட்டியெழுப்புவதே வேண்டியது என வைத்தியர் விளக்கினாராம். அந்த மதில் யாது, அதனைக் கட்டும் பொருள்கள் யாவை என்பதையே இங்கு வாசகர்களுக்கும், சிறப்பாக மாணவர்களுக்கும், கூற விழைகின்றோம்.

நாம் தொட்டுப் பார்க்கும் தோலின் மேற்பரப்பு, உயிரற்ற கலங்களால் ஆன ஒரு மெல்லிய படையாகும். உள்ளங்கை, உள்ளங்கால் தவிர்ந்த இடங்களில் இதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கு முதல் இரு பங்கு வரையே. நாம் எழுதும் தாள் இதனிலும் பன்மடங்கு தடிப்பானது. எனினும் இப்படையினுள்ளே ஏறக்குறைய 15 முதல் 20 வரையான கல அடுக்குகள் உள. கெரற்றின் என்னும் புரதம் நிறைந்த அக்கலங்கள் செங்கற்கள் போன்றவை. அவற்றின் இடைவெளிகளை நிரப்பி நிற்கும் கொழுப்புப் பொருள்களே சாந்து. அமெரிக்கத் தோல் மருத்துவ அறிஞர் பீற்றர் எலியாஸ் 1983 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையின் பின்னர் இவ்வுவமை எங்கும் வழங்கலாயிற்று. உள்ளிருக்கும் நீர் வெளியேறாமலும், வெளியிலிருக்கும் கிருமிகளும் நச்சுப் பொருள்களும் உட்புகாமலும் காப்பது இம்மதிலே.

சாந்து மூன்று பொருள்களின் கலவையாகும். செரமைட்டுகள், கொலஸ்திரோல், கொழுப்பமிலங்கள் என்பனவே அவை. நிறையளவில் ஏறத்தாழப் பாதி செரமைட்டுகளே. இம்மூன்றில் ஒன்றை மட்டும் கொடுத்தால் மதில் சீராகுமா? எலியாசும் அவருடைய கூட்டாளிகளும் 1993 ஆம் ஆண்டில் இதனைச் சோதித்தனர். எலிகளின் தோலிலிருந்து கொழுப்பை நீக்கியபின், மூன்று பொருள்களில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் பூசியபோது தோல் ஆறுவது தாமதமாயிற்று. மூன்றையும் சேர்த்துப் பூசியபோது வழமையான வேகத்தில் ஆறியது. சுண்ணாம்பும் மணலும் நீரும் அளவறிந்து சேராவிட்டால் சாந்து பிடிக்காது என்பதை ஊரிலுள்ள மேசன்மார் நெடுங்காலமாகவே அறிவர்.

இம்மதில் இடிவதேன்? முதற் காரணம் சவர்க்காரமே. நலமான தோலின் மேற்பரப்பு மெல்லிய அமிலத்தன்மை உடையது. அதன் பீஎச் பெறுமானம் 5 ஐ அண்மியது. சாதாரண சவர்க்காரமோ 9 முதல் 10 வரையான பெறுமானமுடைய காரம். அது அழுக்கை நீக்கும்போது சாந்தையும் கரைத்துச் செல்கின்றது. தோலின் அமிலத்தன்மை கெடவே, சாந்தைச் செய்யும் நொதியங்கள் சோர்ந்து, கற்களின் பிணைப்பை அறுக்கும் நொதியங்கள் மும்முரமாகின்றன. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கற்பாறைகளினூடே ஊறும் கிணற்று நீர் வன்னீராதலின், சவர்க்காரம் எளிதில் நுரையாது. நுரைக்கவேண்டி மேலும் தேய்க்கிறோம். கரையாத படிவும் தோலில் தங்கிவிடுகின்றது. அமிலம் நல்லதாயின் தேசிக்காய் நல்லதன்றோ எனச் சிலர் கேட்கலாம். தேசிக்காய்ச் சாற்றின் பெறுமானம் ஏறத்தாழ 2 ஆகும். அது வெடித்த தோலைச் சுடுமேயன்றி ஆற்றாது.

இரண்டாவது காரணம் பிறப்போடு வருவது. பிலாகிரின் என்னும் புரதம் தோற்கலங்களைத் திடமாக்குவதோடு, பின்னர் சிதைந்து நீரைப் பிடித்துவைக்கும் பொருள்களாகவும் மாறுகின்றது. அதனை ஆக்கும் பரம்பரையலகிலே குறைபாடுடையோர்க்குக் கரப்பான் வரும் வாய்ப்பு மிகுதி என்பது ஸ்கொத்லாந்தின் டண்டீ நகர அறிஞர்கள் பங்குகொண்ட ஆராய்ச்சியினால் 2006 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. இத்தகைய பிள்ளையை அழுக்கன் என்பது, கண்பார்வை குறைந்தவனைச் சோம்பேறி என்பது போன்ற அறியாமையாகும்.

மதிலைச் சீர்செய்யும் பொருள்களை மூவகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, நீரை ஈர்த்துத் தோலில் நிறுத்துவன. கிளிசரினும் யூரியாவும் இவ்வகையின. யூரியா வெடிப்புள்ள இடத்தில் எரிவை உண்டாக்கக்கூடும். சிறுவர்க்கு வைத்தியர் கூறினாலன்றி வேண்டாம். இரண்டாம் வகை, மேலே மூடி நீரிழப்பைத் தடுப்பன. இவற்றுள் தலையாயது வசலின் என நாம் வழங்கும் பெற்றோலியக் களிம்பு. 1859 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகளைப் பார்க்கச் சென்ற றொபேட் செசுபுரோ என்னும் இரசாயனர், தொழிலாளர் குழாய்களிற் படியும் மெழுகை வெட்டுக்காயங்களுக்குப் பூசுவதைக் கண்டார். அதனைத் தூய்மையாக்கி 1872 ஆம் ஆண்டில் காப்புரிமையும் பெற்றார். மலிவான இப்பொருள் மேலே மூடுவதோடு நில்லாது, கல அடுக்குகளின் இடையிலும் இறங்கி நின்று, மதில் தானாகவே ஆறுவதற்கு இடங்கொடுக்கின்றது என்பது பிற்கால ஆராய்ச்சி கண்ட உண்மை. மூன்றாம் வகை, சாந்தாகவே அமைவன. செரமைட்டு, கொலஸ்திரோல், கொழுப்பமிலம் மூன்றும் சேர்ந்த களிம்புகள் இன்று மருந்துக் கடைகளில் உள. விற்றமின் பீ3 இன் ஒரு வடிவமான நியாசினமைட்டு, தோல் தானே செரமைட்டுகளை ஆக்குவதைத் தூண்டுகின்றது.

எமது வீடுகளில் வழங்கும் எண்ணெய்கள் எத்தகையன? எண்ணெய் எல்லாம் ஒன்றல்ல. பிலிப்பீன் தேசத்தில் 2004 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்விலே, வறண்ட தோலுக்குத் தேங்காயெண்ணெய் கனிய எண்ணெய்க்கு நிகரான பயன் தந்தது. ஆனால் ஒலிவெண்ணெய் மதிலைத் தளர்த்துகின்றது என்றும், சூரியகாந்தி எண்ணெய் அவ்வாறு செய்வதில்லை என்றும் இங்கிலாந்தின் செபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர் 2013 ஆம் ஆண்டில் அறிவித்தனர். சூரியகாந்தி எண்ணெயில் லினோலெயிக் அமிலம் மிகுதி; செரமைட்டுகளின் முக்கியமான ஒரு வகையை ஆக்குவதற்கு அது தேவை.

இவையெல்லாம் அழகுக்குரிய காரியங்கள் என எண்ணுவோர் வங்காள தேசத்தின் தலைநகராகிய டாக்காவில் நிகழ்ந்ததை அறிதல் வேண்டும். குறைமாதத்திற் பிறக்கும் குழந்தையின் மதில் முற்றாக அமைந்திராது. கிருமிகள் அவ்வழியே குருதியிற் புகும். டாக்கா சிசு வைத்தியசாலையில், 33 வாரமோ அதனிற் குறைந்த காலமோ கருவிலிருந்து பிறந்த குழந்தைகளுக்குத் தூய சூரியகாந்தி எண்ணெயை ஒழுங்காகப் பூசிவந்தனர். பூசப்படாத குழந்தைகளோடு ஒப்பிடுகையில் வைத்தியசாலையில் ஏற்படும் தொற்று நூற்றுக்கு 41 வீதம் குறைந்தது. 2005 ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, தாளிலும் மெல்லிய ஒரு மதிலில் ஒரு குழந்தையின் உயிர் தங்கியிருக்கக்கூடும் என்பதைக் காட்டிற்று. குறைமாதக் குழந்தைக்கு வைத்தியரின் சொல்லின்றி எதனையும் பூசலாகாது என்பதையும் தாய்மார் மனத்திற் கொள்க.

வீட்டிற் செய்யத்தக்கன சிலவே. நெடுநேரம் நீராடாது, இளஞ்சூட்டு நீரிலோ குளிர்ந்த நீரிலோ விரைவாக நீராடுக. சவர்க்காரத்தை வேண்டிய இடத்திற்கு மட்டும் பயன்படுத்துக. துவாயால் உரஞ்சாது ஒற்றித் துடைத்து, ஈரம் முற்றாக உலருமுன் களிம்பைப் பூசுக. வாசனை சேர்ந்தவற்றைத் தவிர்க்க. வெண்மை தரும் என விற்கப்படும் பூச்சுக்களை அணுகாதீர். அவற்றுட் சிலவற்றில் பாதரசம் கண்டறியப்பட்டுள்ளது. சீழோ காய்ச்சலோ தோன்றினால் வைத்தியரிடம் செல்க. மேற்படை புதிதாவதற்கு ஏறக்குறைய இரு வாரங்கள் செல்லுமாதலின், மூன்று நாளிற் பயன் காணவில்லையென்று கைவிடற்க.

அம்மாணவன் காலையும் மாலையும், கைகழுவிய ஒவ்வொரு முறையும், வசலின் பூசினான். வைத்தியர் கொடுத்த மருந்தையும் குறித்த நாள்வரை இட்டான். தவணை முடியுமுன் வெடிப்புகள் மூடின. நோய் முற்றாக நீங்கிவிட்டதென நாம் கூறோம். அது மீண்டும் வரும் இயல்பினது.

அவன் இசைவைப் பெற்று, இக்கல்லையும் சாந்தையும் ஒருநாள் கரும்பலகையில் வரைந்து வகுப்பிற்கு விளக்கினோம். மறுநாட் காலை அந்த வாங்கில் மூவர் இருந்தனர். எமக்கு மகிழ்ச்சியே, ஆயினும் ஓர் உறுத்தலும் உண்டு. அப்பிள்ளை கைகளை மறைக்கத் தொடங்கிய நாளுக்கும் நாம் அவனைக் கேட்ட நாளுக்கும் இடையிற் சென்ற வாரங்கள் பல. பெற்றோரும் ஆசிரியரும், பிள்ளையின் கொப்பியைப் பார்க்கும்போது அதைப் பிடித்திருக்கும் கையையும் ஒருமுறை பார்ப்பார்களாக.