உங்கள் கணினியில் எந்த ஜாவா ஓடுகிறது?

கரடியனாற்றிலிருந்து பதுளை வீதி வழியே செங்கலடிக்கும் வந்தாறுமூலைக்கும் மட்டக்களப்புக்கும் படிக்கப் போய்வரும் பிள்ளைகளில் நிரல் எழுதப் பழகுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களில் பலருக்கு வீட்டில் இணையம் என்றால் கைப்பேசி டேட்டாதான். நண்பர் தந்த பழைய ஜாவா புரொஜெக்ட் ஒன்றை விஎஸ் கோட்டில் திறந்ததும் சிவப்பு எழுத்தில் ஒரு பிழை வருகிறது: "அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65". உடனே ஜாவாவை அழித்துவிட்டுத் திரும்ப இறக்குகிறார்கள். நூற்றுக்கணக்கான எம்பி கரைந்த பிறகும் அதே பிழை நிற்கிறது.

அந்த 65இலிருந்து 44ஐக் கழித்துப் பாருங்கள். 21 வரும். ஜாவா 21இன் கோப்பை வாசிக்க முடியவில்லை என்பதே செய்தி. 61 என்றால் ஜாவா 17, 52 என்றால் ஜாவா 8. ஜாவாவில் பழுது ஒன்றும் இல்லை. புரொஜெக்ட்டைக் கட்டும் கருவியான கிரேடில்தான் பழையது. புரொஜெக்ட்டுக்குள் கிரேடில் கோப்புறையில் உள்ள ராப்பர் கோப்பைத் திறந்தால் அதன் பதிப்பு எண் தெரியும். கிரேடில் 7.6 ஜாவா 19 வரைதான் ஓடும். ஜாவா 21இல் ஓட 8.5 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு வேண்டும்.

பலர் குழம்புவது இதற்குப் பிறகுதான். டெர்மினலில் ஓடும் புரொஜெக்ட் எடிட்டரில் ஓடாது. காரணம், ஒரே கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஜாவாக்கள் வேலை செய்யலாம். நிரலைப் புரிந்துகொண்டு பிழை காட்டும் ஜாவா நீட்சி தனக்கென ஒரு ஜாவாவைக் கூடவே கொண்டுவருகிறது. கிரேடிலை ஓட்டுவது வேறொன்றாக இருக்கலாம். டெர்மினலில் ஓட்டும் கிரேடில் முதலில் பார்ப்பதோ ஜாவா ஹோம் என்ற சூழல் மாறியை. எதை எடுப்பது என்று நீங்கள் சொல்லாவிட்டால் நீட்சி தன் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்ளும்.

ஆகவே சொல்லிவிடுங்கள். விஎஸ் கோட்டின் செட்டிங்ஸ் பக்கத்தில் "கிரேடில் ஜாவா ஹோம்" என்று ஆங்கிலத்தில் தேடி, கிரேடில் 7.6 ஓடக்கூடிய ஜேடிகே 17 (ஜாவா 17) இருக்கும் கோப்புறையின் முழுப் பாதையை அங்கே இடுங்கள். உள்ளே இருக்கும் 'பின்' (bin) கோப்புறையின் பாதையை இடக்கூடாது; அதற்கு ஒரு படி மேலே நிற்க வேண்டும். விண்டோஸில் செட்டிங்ஸ் கோப்பையே திறந்து எழுதுவதானால் பாதையில் வரும் ஒவ்வொரு சாய்கோட்டையும் இரட்டையாக இட வேண்டும். பிறகு கட்டளைப் பட்டியலில் ஜாவா லாங்குவேஜ் சர்வர் வேர்க்ஸ்பேஸைச் சுத்தம் செய்யும் கட்டளையைக் கொடுத்து எடிட்டரை மீண்டும் தொடங்குங்கள்.

ஜாவாவுக்குப் பணம் கட்ட வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். எங்கிருந்து இறக்கினீர்கள் என்பதைப் பொறுத்தது அது. ஓப்பன்ஜேடிகே ஜிபிஎல் உரிமத்தில் வருவது. எக்லிப்ஸ் டெமூரின், அமேசான் கொரெட்டோ போன்ற அதன் வெளியீடுகளை வீட்டிலும் வகுப்பிலும் கடையிலும் இலவசமாகப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை உண்டு. ஒராக்கிள் தன் பெயரில் தரும் ஜேடிகேக்கு விதிகள் வேறு. 2024 செப்டெம்பருக்குப் பின் வந்த ஜாவா 17 புதுப்பிப்புகளை வணிகத்தில் ஓட்டச் சந்தா தேவை. படிப்பவருக்கு இதனால் தொல்லை இல்லை. ஆனால் செங்கலடியில் ஒரு கடைக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கும்போது கடைக்காரரை அறியாமலே அவர் தலையில் ஒரு கட்டணத்தை ஏற்றிவிடக்கூடும். டெமூரினைப் போட்டுக் கொடுங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது இன்னொன்று. செட்டிங்ஸை நீங்கள் மட்டும் எழுதுவதில்லை. புரொஜெக்ட்டோடு சேர்ந்தும் அது வரும். எந்த ஜாவாவை ஓட்டுவது என்ற பாதையையும் அப்படி வரும் கோப்பு மாற்றிவிடலாம். கிரேடிலின் பில்ட் கோப்பு வெறும் பட்டியல் அல்ல, அதுவும் ஒரு நிரல். புரொஜெக்ட்டை எடிட்டர் உள்ளே எடுக்கும்போதே அது ஓடத் தொடங்குகிறது. வெளிநாட்டு வேலை, நேர்முகத் தேர்வு, பயிற்சிப் பணி என்று சொல்லி புரொஜெக்ட் அனுப்பிக் கடவுச்சொற்களைத் திருடும் கூட்டங்கள் உலகெங்கும் உண்டு. வீட்டிலிருந்தே சம்பாதிக்க வழி தேடும் எங்கள் பிள்ளைகள்தான் இவர்களுக்கு எளிதில் அகப்படுவார்கள்.

2021 முதல் விஎஸ் கோட் ஒவ்வொரு புதிய கோப்புறையைத் திறக்கும்போதும் இதை எழுதியவரை நம்புகிறீர்களா என்று கேட்கிறது. அவசரத்தில் 'ஆம்' என்று அழுத்தாதீர்கள். கட்டுப்பாட்டு நிலையில் திறந்து, புள்ளியோடு தொடங்கும் விஎஸ்கோட் கோப்புறையையும் பில்ட் கோப்பையும் முதலில் வாசியுங்கள். அறியாத பாதையோ அறியாத இணைய முகவரியோ இருந்தால் அனுப்பியவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்களா? இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கி, கிட்ஹப் கடவுச்சொற்களை மாற்றுங்கள். அந்தக் கோப்புறையையும் வந்த செய்திகளையும் அழிக்க வேண்டாம், அவை சான்று. கணினிப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் அமைப்புக்கும் பொலிசுக்கும் முறையிடுங்கள். அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். அரசியலமைப்பின் 1988ஆம் ஆண்டுத் திருத்தப்படி கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி. ஆகவே முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுத்து, அதன் பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.