குதிரை சவாரி தெரிந்தால் போதுமா? பிரிட்டனின் லாயத் தேர்வில் என்னவெல்லாம் கேட்கிறார்கள்?

'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்' என்று ஊரில் சொல்வார்கள் இல்லையா? அந்த மூடிய வாயைத் திறக்க வைப்பது பிரிட்டனில் ஒரு தேர்வுப் பாடம். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. வாயோரத்தில் அந்த இடத்தில் கட்டைவிரலை மெல்ல வைத்தால் வாய் திறக்கும். கடிவாளக் கம்பியை அப்போது உள்ளே விடலாம். அவசரப்பட்டுப் பல்லில் இடித்தால் எக்ஸாமினர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய டிரெஸ்ஸாஜ் அணி தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தங்கம் அது. நாம் எல்லோரும் மேடையில் நின்ற நால்வரைப் பார்த்தோம். அந்தக் குதிரைகளுக்கு விடியற்காலையில் தீனி வைத்தவர்கள் யார்? அந்த வேலைக்கும் தேர்வு இருக்கிறது, அதுவும் கொஞ்சம் கடினமான தேர்வு.

யார் நடத்துகிறார்கள்?

1947-இல் தொடங்கிய 'பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி'. ஸ்டேஜ் 1 முதல் ஸ்டேஜ் 5 வரை படிப்படியாகப் போக வேண்டும். சவாரி, பராமரிப்பு, பயிற்றுவித்தல் என்று பிரிவுகள் உண்டு. சவாரியே வேண்டாம், லாய வேலை போதும் என்பவர்களுக்குத் தனிப் பாதை இருக்கிறது. சவாரி மட்டும் செய்துவிட்டு முழுமையான பயிற்சியாளர் ஆகிவிட முடியுமா என்றால், முடியாது. அதற்குப் பராமரிப்பிலும் தேற வேண்டும்.

ஒரு முடிச்சில் என்ன இருக்கிறது?

ஆரம்ப நிலையிலேயே குதிரையைக் கட்டச் சொல்வார்கள். சுவரில் இருக்கும் இரும்பு வளையத்தில் நேரடியாகக் கட்டக் கூடாது. வளையத்தில் ஒரு சணல் கயிற்றைக் கோத்து, அதில் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சைப் போட வேண்டும். இதெல்லாம் பெரிய விஷயமா? ஆமாம். குதிரை இரையாகிப் பழகிய இனம். மிரண்டால் யோசிக்காது, ஓடும். சுமார் 500 கிலோ எடையுள்ள உடம்பு பின்னால் இழுக்கும்போது சணல் அறுந்தால் பரவாயில்லை. அறாவிட்டால் குதிரையின் கழுத்துக்கு ஆபத்து, நடுவில் மாட்டினால் உங்கள் விரலுக்கும்தான்.

அடுத்து எண்கள். ஓய்வில் இருக்கும் ஆரோக்கியமான குதிரைக்கு உடல் வெப்பம் சுமார் 38 டிகிரி செல்சியஸ். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை. இவை ஏன் மனப்பாடமாக வேண்டும்? குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உடம்பின் அளவுக்கு அதன் இரைப்பையும் சிறியது. பாசத்தில் ஒரு வாளி தானியத்தைக் கூடுதலாக வைத்துவிட்டால் 'காலிக்' என்ற வயிற்று வலி வந்து உயிரே போகலாம். அதனால்தான் 'கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி' என்பது தீனியின் முதல் விதி.

காலால் தரையைப் பறிக்கிறது, திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்க்கிறது, தீனியைத் தொடவில்லை என்றால் தேர்வர் என்ன செய்ய வேண்டும்? தீனியை அகற்றிவிட்டுக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். கைவைத்தியம் சொன்னால் சிக்கல். லாடத்திலும் இதே கதைதான். அது தளர்ந்திருப்பதைத் தேர்வர் கண்டுபிடிக்க வேண்டும், ஆணி அடிக்கப் போகக் கூடாது. பிரிட்டனில் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பதிவு பெற்றவர்களின் வேலை. என் கணக்கில் இந்தத் தேர்வு டிரைவிங் லைசென்ஸை விட நர்சிங் படிப்புக்குத்தான் நெருக்கம்.

சவாரித் தேர்வும் சொந்தக் குதிரையில் இல்லை. முன்பின் தெரியாத குதிரையில் ஏறி, அதன் குணத்தைச் சில நிமிடங்களில் புரிந்துகொள்ள வேண்டும்.

ஐடி வேலையை விட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். சான்றிதழ் இருப்பதாலேயே பிரிட்டனில் வேலை விசா கிடைத்துவிடாது. லாய வேலைக்கு ஞாயிறும் இல்லை, தீபாவளியும் இல்லை. சாணம் அள்ளுவதில்தான் நாள் தொடங்கும்.

ஆசை இருந்தால் ஊரில் உள்ள ரைடிங் ஸ்கூலிலேயே சோதித்துப் பார்க்கலாம். சேணம் பூட்டிய குதிரையைத்தான் உங்கள் கையில் கொடுப்பார்கள். அடுத்த வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், குளம்பைச் சுத்தம் செய்ய அனுமதி கேளுங்கள். குதிரையின் வாலைப் பார்த்தபடி அதன் பக்கவாட்டில் ஒட்டி நில்லுங்கள். குதிகாலில் தொடங்கி நுனி நோக்கி அழுக்கை எடுங்கள், நடுவில் இருக்கும் மென்மையான பகுதியைக் குத்திவிடாமல். மண்டியிட மட்டும் வேண்டாம், திடீரென்று விலக முடியாது.